உடைத்துப் பார்க்கிறவள்

அடையாறு காந்தி நகரில் ஒரு பழைய வீட்டின் கார் ஷெட்டில் உட்கார்ந்து ரூபீனா கான்கிரீட் உடைத்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவள் வேலை. கட்டடம் கட்டுகிறவர்கள் தாங்கள் போடும் கான்கிரீட்டில் கொஞ்சம் எடுத்துக் கட்டியாக வார்த்து அனுப்புவார்கள். கல் தயாரிக்கிறவர்கள் கல்லை அனுப்புவார்கள். அவள் அதை இயந்திரத்தின் இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவில் வைத்து, எவ்வளவு சுமைக்கு உடைகிறது என்று பார்த்து எழுத வேண்டும். மாடியில் ஏ.சி. போட்ட அலுவலகம் இருந்தது. மேலாளர் சுரேஷ்குமாரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் இளைஞர்களும் அங்கே. கீழே அவள் மட்டும். தூசும் சத்தமும் என்பதால் யாரும் இறங்கி வருவதில்லை. ரிசல்ட் வாட்ஸ்அப்பில் மேலே போகும்.

வீட்டிலும் அவள் மட்டும்தான். மயிலாப்பூரில் கச்சேரி சாலையை ஒட்டிய ஒரு சந்தில் மாடிப் போர்ஷன். அப்பா போன பிறகு தங்கையின் படிப்பு, அம்மாவின் உடம்பு என்று கல்யாணப் பேச்சு தள்ளிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் கேட்கிறவர்களும் நின்றுபோனார்கள். அதற்கு மேல் அதில் கதை ஒன்றும் இல்லை. தங்கை ஃபிர்தௌஸ் கல்யாணமாகி ஷார்ஜாவில் இருந்தாள். அம்மா கைசர் ஜஹான் இறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அம்மா இருந்தவரை வீட்டில் பேச்சு ஓயாது; டி.வி.யோடு சண்டை, பால்காரரோடு சண்டை, மூட்டு வலியோடு சண்டை. அந்தச் சத்தம் நின்ற பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் ஏதோ கேட்க, பதில் சொல்ல வாயைத் திறந்தபோது ரூபீனாவுக்குக் குரல் கரகரத்தது. சனிக்கிழமை மாலைக்குப் பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

மாணிக்கவாசகம் அவள் ஷெட்டுக்கு வர ஆரம்பித்தது ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான்.

அவர் வீடு இடிக்கும் காண்ட்ராக்டராக ரொம்ப காலம் இருந்தவர். அடையாறு, மந்தைவெளி, தி.நகர் பக்கம் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டுகிறார்களே, அந்த இடிக்கிற வேலை. கதவு, ஜன்னல், கம்பி எல்லாம் விலைக்குப் போய்விடும். மிச்சம் இருக்கிற செங்கலும் காரையும் கான்கிரீட்டும்தான் தொல்லை. அதை லாரியில் ஏற்றி எங்கேயாவது ஏரிக்கரையில், காலி மனையில் கொட்டிவிட்டு வருவார்கள். அவரும் அதைத்தான் செய்தார். ஒரு மழைக்காலத்தில், தான் கொட்டி மேடாக்கிய இடத்தால் தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கி, அதில் அவருடைய லாரியே மாட்டிக்கொண்டது. இரண்டு நாள் அது நகரவில்லை. "என் வண்டிக்கு நானே பள்ளம் வெட்டிகினேன் மேடம்" என்று சொல்லிச் சிரிப்பார். அதற்குப் பிறகுதான் பெரும்பாக்கம் தாண்டி ஓர் இடத்தைக் குத்தகைக்கு எடுத்து, இடிபாட்டை அரைக்கிற மெஷின் வாங்கி, அரைத்ததைச் சலித்து, சிமெண்ட் சேர்த்து நடைபாதைக் கல் செய்ய ஆரம்பித்தார். ஆற்று மணலும் மலை ஜல்லியும் இல்லாத கல். ஆனால் குப்பையில் செய்த கல் என்று எல்லாரும் வாங்கத் தயங்கினார்கள். லேப் ரிப்போர்ட் இருந்தால்தான் பேச்சே. அதனால் மாதத்துக்கு ஒரு முறை கல்லைத் தூக்கிக்கொண்டு வருவார்.

மற்றவர்கள் டிரைவர் கையில் கொடுத்து அனுப்புவார்கள். இவர் தானே வந்தார். வந்தால் உடனே போக மாட்டார். ஒவ்வொரு கல்லின் முதுகிலும் சாக்பீஸால் எழுதியிருப்பார், அது எதை இடித்ததில் வந்தது என்று.

"இன்னா மேடம், சாப்டீங்களா? இத்த பாருங்க. இது தி.நகர் பாத்திரக் கடை. மூணு மாடி. இது மந்தைவெளி டாக்டர் வீடு. டாக்டர் வீட்ட பாத்து மெதுவா உடைங்க, அந்தம்மா இன்னும் உசுரோட கீறாங்க."

ரூபீனா சிரிப்பாள். இயந்திரத்தில் வைத்து ஓட்டுவாள். சுமை காட்டும் முள் ஏறிக்கொண்டே போகும். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். டப்பென்று கல் உடையும்.

"பாத்திரக் கடை நல்லா தாங்குது சார்."

"தாங்காம? எத்தினி அண்டாவத் தாங்குன கட்டடம் அது!"

அவர் சிரிக்கும் சத்தம் கேட்டு மாடி ஜன்னலில் இருந்து யாராவது எட்டிப் பார்ப்பார்கள். நல்ல ரிசல்ட் வந்தால் அவர் ஷெட்டின் கதவை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவார். அவர் வருகிற வாரத்தில் ரூபீனா வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் இரண்டு பேருக்கான டீ எடுத்து வந்தாள். இதைக் காதல் என்று யாராவது சொல்லியிருந்தால் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்திருக்கும். அவருக்கு மனைவி இருந்தாள், கல்லூரிக்குப் போகும் மகள் இருந்தாள், தொப்பை இருந்தது. அவளுக்கு வேண்டியிருந்தது அதெல்லாம் இல்லை. பேச ஓர் ஆள் வருகிறார் என்பதே போதுமாக இருந்தது. மற்ற நாட்களில் பஸ்ஸில் போகும்போது ஏதாவது ஒரு வீட்டை இடித்துக்கொண்டிருப்பது கண்ணில் பட்டால், எந்தத் தெரு, எந்த மூலை என்று நினைவில் வைத்துக்கொள்வாள். அவர் வரும்போது சொல்வதற்கு.

ஒரு நாள் அவர் வழக்கத்தைவிட வேகமாக உள்ளே வந்தார்.

"மேடம், பெரிய ஆர்டர்! போன வருசம் கஸ்தூர்பா நகர்ல ஒரு அப்பார்ட்மெண்ட் இடிச்சேன்ல, அந்த பில்டரே கேட்டுக்கினாரு. அதே கட்டடத்த இடிச்சதுல கல்லு செஞ்சு, அதே எடத்துல புதுசா கட்டுற வாசல்ல போடணுமாம். பழைய வீட்டுக்காரங்க திரும்பி வந்தா அவங்க வீட்டு மேலயே நடக்கற மாதிரி. நல்லா கீதுல்ல?"

"ரொம்ப நல்லா இருக்கு சார்."

"இத்த நம்பி இன்னொரு மெஷின் எடுத்துட்டேன். இது மட்டும் அமைஞ்சிதுன்னா அப்புறம் ஒருத்தனும் குப்பைக் கல்லுன்னு சொல்ல மாட்டான்."

கல் வந்தது. முதல் வாரம் உடைத்துப் பார்த்ததில் நன்றாகவே இருந்தது. அவர் கதவைத் தட்டிவிட்டுப் போனார். ஆனால் நான்கு வாரம் ஆன பிறகு பார்ப்பதுதான் கணக்கு. மிச்சக் கற்களை அவள் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போட்டிருந்தாள். அந்தக் காலை கையை விட்டு ஒன்றை எடுத்தபோதே அவளுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. மேல்பக்கம் முழுவதும் தலைமுடி போல மெல்லிய கோடுகள், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு. அதன் ஓரங்களில் வெள்ளை பூத்திருந்தது. இயந்திரத்தில் வைத்தாள். முள் பாதி தூரம்கூட ஏறவில்லை. கல் முணுமுணுத்த மாதிரி உதிர்ந்தது. இன்னொன்று வைத்தாள். அதுவும் அப்படியே. தொட்டியில் இருந்த அத்தனையையும் உடைத்தாள். உடைந்த துண்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தபோது, உள்ளே தேங்காய்ச் சில் போல வெள்ளையாகச் சிறு துண்டுகள்.

அவள் போன் செய்தாள்.

"சொல்லுங்க மேடம், எவ்ளோ வந்துச்சு?"

"ஒரு தடவ நேர்ல வாங்க சார்."

அன்று மத்தியானமே வந்துவிட்டார். அவள் துண்டை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை நகத்தால் சுரண்டினார். மாவு போல வந்தது.

"இது ஜிப்சம் சார். ஃபால்ஸ் சீலிங்குக்குப் போடுவாங்களே, அந்த போர்டு. அது சிமெண்டோட கலந்து தண்ணி பட்டா உள்ளேயிருந்து ஊதும். இப்ப மெல்லிசாதான் கோடு தெரியுது. ஒரு மழைக்காலம் போனா கல்லு பொளந்துடும்."

"அது பழைய கட்டடம் மேடம். அதுல ஏது ஃபால்ஸ் சீலிங்?" என்றவர் பாதியில் நிறுத்தினார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மொத மாடில பல்லு டாக்டரு க்ளினிக் வெச்சிகினு இருந்தாரு. ஹால் ஃபுல்லா ஏ.சி. போட்டு மேல வெள்ளையா அடிச்சிருந்தாங்க. அத்த தனியா எடுக்கணும்னு தோணல. புது மெஷின் வந்த ஜோர்ல எல்லாத்தையும் சேத்துப் போட்டுட்டானுங்க பசங்க."

டீ ஃபிளாஸ்க் மேஜையில் இருந்தது. அவள் ஊற்றவில்லை.

"மேடம், எல்லா கல்லுலயும் இப்படி இருக்காது. வெள்ளை இல்லாத கல்லும் கீது. நான் பாத்துப் பாத்து பொறுக்கி எடுத்தாரேன். அத்த வெச்சி ரிப்போர்ட் குடுத்துடுங்க. அப்பால நான் களத்துல சரி பண்ணிக்கிறேன்."

"நீங்க பொறுக்கிக் குடுத்தா அது உங்க கைக்கு மார்க் போட்ட மாதிரி சார். கல்லுக்கு இல்ல."

"ஒரு தடவ மேடம்."

"அங்க வயசானவங்க நடப்பாங்க. கல்லு பேந்து யாராவது விழுந்தா? அத விடுங்க. இது பொளந்தா உங்களைச் சொல்ல மாட்டாங்க சார். இடிச்ச கல்லுல செஞ்சா இப்படித்தான்னு சொல்வாங்க. இனிமே இந்த மாதிரி கல்ல யாரு செஞ்சாலும் ஒருத்தரும் தொட மாட்டாங்க."

அது அவருக்கும் தெரிந்ததுதான். தெரிந்ததை அவள் வாயால் கேட்டதுதான் கோபம் வந்ததற்குக் காரணமோ என்னவோ. அவர் கையில் இருந்த துண்டைக் குவியலில் விட்டெறிந்தார்.

"உங்களுக்கு இன்னா மேடம். வூட்டுக்குப் போயி பதில் சொல்றதுக்கு ஆளு யாரும் இல்ல. நிம்மதியா ஃபெயில்னு எழுதிட்டுப் போயிடலாம். எனக்கு அப்படியா?"

சொல்லிவிட்டு அவர் கிளம்பிவிட்டார். வெளியே லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

மாலையில் சுரேஷ்குமார் மாடியிலிருந்து போன் செய்தார். "ரூபீனா, அவர் ரெகுலர் பார்ட்டி. இன்னொரு தடவை பண்ணிப் பாக்கலாமே?"

"தொட்டியில இருந்த எல்லாத்தையும் உடைச்சுட்டேன் சார்."

"அப்படியா. சரி, அப்ப அனுப்பிடுங்க."

அவள் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். தான் செய்தது சரி என்பதில் அவளுக்கு அன்றும் சந்தேகம் இல்லை, பிறகும் வரவில்லை. ஆனால் சரி என்பது ஒரு துணையாக இல்லை. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றி, விளக்கைப் போட்டாள். வழக்கமாகச் செய்வதுதான். அன்று மட்டும் ஒவ்வொன்றும் அவர் சொன்ன வார்த்தைக்குச் சாட்சி சொல்வது போல இருந்தது. வூட்டுக்குப் போயி பதில் சொல்றதுக்கு ஆளு யாரும் இல்ல. அவர் எப்படிக் கண்டுபிடித்தார்? அவள் சொன்னதில்லை. அம்மா இறந்ததைக்கூட ஒரு வரியில்தான் சொல்லியிருந்தாள். பார்த்தாலே தெரிகிறதா? பஸ்ஸில் பார்க்கிறவர்களுக்கும் தெரியுமா? கண்ணாடி முன்னால் நின்று முகத்தைப் பார்த்தாள். துப்பட்டாவில் தூசு இருந்தது. அதைத் தட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஃபிர்தௌஸ் போன் செய்தாள். "வேலை எப்படிப் போகுது ஆபா?"

"நல்லா போகுது."

"குரல் ஒரு மாதிரி இருக்கே?"

"தூசு."

அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. ஃபிளாஸ்கை அவள் வீட்டிலேயே வைத்துவிட்டாள். ஷெட்டுக்கு எதிரே இருந்த வீட்டை இடித்து முடித்து அஸ்திவாரம் தோண்டினார்கள்; சொல்ல ஆளில்லை. மழை வந்தது, தெருவில் தண்ணீர் நின்றது, வடிந்தது. போனில் அவர் எண் இருந்தது. அழைத்தால் என்ன சொல்வது? மன்னிப்பு கேட்க அவள் தப்பு செய்யவில்லை. மன்னிப்பு கேட்கச் சொல்லவும் முடியாது. சில சமயம் அவர் மேல் கோபம் வரும். கோபம் அடங்கினால் பயம் வரும். புது மெஷின் எடுத்திருந்தாரே, மூடிவிட்டிருப்பாரோ? பழையபடி ஏரிக்கரையில் கொட்டப் போய்விட்டாரோ? மகளின் படிப்பு நின்றிருக்குமோ? இரவில் படுத்துக்கொண்டு அவள் அவர் குடும்பத்தைத் தன் மனதில் ஒவ்வொரு படியாகக் கீழே இறக்கிக்கொண்டிருந்தாள்.

தை பிறந்த பிறகு ஒரு நாள், கஸ்தூர்பா நகர் வழியாக நடந்து போனபோது அந்த அப்பார்ட்மெண்ட் வாசலில் நின்றாள். கட்டி முடித்து வர்ணம் அடித்திருந்தார்கள். வாசல் முழுவதும் கறுப்பு கிரானைட். வெயிலில் கண் கூசியது. வாட்ச்மேன் "யாரம்மா வேணும்?" என்றார். "யாரும் இல்லை" என்று சொல்லி நகர்ந்தாள். அன்றே சனிக்கிழமைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டாள்.

திருவான்மியூரில் பஸ் மாறி, பெரும்பாக்கத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் போய், பிறகும் நடக்க வேண்டியிருந்தது. லேப் ரசீதில் இருந்த மாணிக்கவாசகத்தின் களத்து முகவரியைக் காட்டிக் கேட்டாள். வழியெல்லாம் அவள் மனதில் பூட்டிய கேட்டும் துருப்பிடித்த மெஷினும்தான். ஆனால் இடம் நெருங்கும்போதே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. கேட் திறந்திருந்தது. உள்ளே ஒரு லாரி இடிபாட்டைக் கொட்டிக்கொண்டிருந்தது. தகரக் கூரையின் கீழே ஓடுகிற ரப்பர் பட்டையின் இரண்டு பக்கமும் பெண்கள் தலையில் துண்டு கட்டிக்கொண்டு நின்று, ஓடி வருகிற துண்டுகளில் இருந்து மரச்சிம்பு, பிளாஸ்டிக், வெள்ளைக் கட்டிகளைப் பொறுக்கித் தனித்தனிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரூபீனா கேட் அருகிலேயே நின்று பார்த்தாள்.

"யாரு? அட, மேடமா!"

மாணிக்கவாசகம் முகம் முழுக்கத் தூசோடு வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார். அவள் வழியெல்லாம் நினைத்து வைத்திருந்த முகம் எதுவும் அதில் இல்லை.

"இன்னா மேடம் இவ்ளோ தூரம்? ஒரு போன் போட்டா வண்டி அனுப்பியிருப்பேன்ல. தங்கம்! சேர் எடுத்தா!"

அவர் மனைவி தங்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துக் கொண்டுவந்து போட்டாள். அவர் உட்காரவிடாமல் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் காட்டினார். "வெள்ளை மேட்டர் நீங்க சொன்னீங்கல்ல, அதுக்குத்தான் இந்த பெல்ட்டு. கொட்டும்போதே பசங்க ஒரு தடவ பாப்பாங்க, இங்க பொம்பளைங்க ஒரு தடவ பாப்பாங்க. இந்தப் பக்கத்துல வேம்புன்னு ஒரு பொண்ணு கீது, அதுங்கிட்ட ஒரு குண்டுமணி தப்பாது." பட்டையருகே நின்ற ஒல்லியான பெண் தலை நிமிராமல் சிரித்தாள்.

வேலி ஓரமாகப் பழைய கற்களை இடுப்பளவுக்கு மதில் போல அடுக்கியிருந்தார்கள். ரூபீனாவுக்குப் பார்த்ததும் தெரிந்தது. மழை குடித்து, ஊதி, சில கல் இரண்டாகப் பிளந்திருந்தது.

"அந்த லாட்டுதான் மேடம். மறுபடி அரைச்சா அதே வெள்ளதான் உள்ள இருக்கும், ஒண்ணுக்கும் ஆவாது. ஆடு மாடு வராம இருக்கட்டும்னு அடுக்கி வெச்சேன். பில்டரு கிரானைட் போட்டுகினான். போவட்டும். இப்ப நந்தனத்துல ஒரு கிரவுண்டு சுத்தி நடக்குற பாதைக்கு நம்ப கல்லுதான் போயிகினு கீது. எல்லாம் பாஸ்."

"எங்க டெஸ்ட் பண்றீங்க?"

"இங்க மேடவாக்கத்துலயே ஒரு லேப் தொறந்துட்டாங்க. பக்கம். அடையாறு வந்து போறதுக்குள்ள ஒரு நாளு போயிடுது, டீசல் வேற." அவர் மிகச் சாதாரணமாகச் சொன்னார். "பையன்கிட்ட குடுத்து அனுப்பிடுவேன். ரிசல்ட் போன்ல வந்துடும்."

ரூபீனா தலையசைத்தாள். அவர் வராமல் போனதற்குக் காரணம் அவ்வளவுதான். இத்தனை மாதம் அவள் தூக்கிச் சுமந்ததில் அவர் பங்கு டீசல் மட்டும்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் தங்கம் டீ கொண்டுவந்தாள். "மேடம் எந்தக் கம்பெனிலேர்ந்து?" என்று கேட்டாள்.

"அடையார் லேப் மேடம்டி. சொன்னேன்ல, வெள்ளையக் கண்டுபுடிச்சாங்கன்னு. இவங்க மட்டும் அன்னிக்கு ஒத்துகினு இருந்தாங்கன்னா நம்ப கத முடிஞ்சிருக்கும். பேரு…" அவர் நின்றார். தலையைச் சொறிந்தார். "இன்னா மேடம் உங்க பேரு? ரிப்போர்ட்ல கையெழுத்துதான் இருக்கும், ஒண்ணும் புரியாது."

"ரூபீனா."

"ஆங், ரூபீனா மேடம்."

டீ ரொம்ப இனிப்பாக இருந்தது. அவள் குடித்தாள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"அன்னைக்கு நீங்க கோபமா கிளம்பிட்டீங்க சார். ஒரு வார்த்த சொன்னீங்க."

"இன்னா சொன்னேன்?"

அவர் உண்மையாகவே யோசித்தார். அவள் அந்தக் கண்ணைப் பார்த்தாள். அதில் ஒளித்து வைத்தது எதுவும் இல்லை. ஓர் ஓரத்தில் வெட்கமோ தயக்கமோ இருந்திருந்தால்கூட அவள் அதைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

"கத்திட்டேனா? நான் எல்லார்கிட்டயும் கத்துவேன் மேடம். இவள கேளுங்க."

"அத்த ஏன் கேக்குறீங்க" என்றாள் தங்கம். "காலைல எழுந்தா காக்காகிட்ட கத்தும், காலேஜுக்குக் கிளம்புற பொண்ணுகிட்ட கத்தும் இந்தாளு. நீங்க மனசுல வெச்சிக்காதீங்க."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றாள் ரூபீனா.

இன்னொரு லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. அவர் "தோ வரேன்" என்று எழுந்து ஓடினார். அவர் ஓடுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவரைத் திட்டினார், அவன் தோளில் கை போட்டார், என்னவோ சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரிந்த சிரிப்புதான். ஷெட்டுக்கு வந்து அவளிடம் சிரித்ததும் இதேதான், ஒரு பங்கு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் எல்லாரிடமும் அப்படித்தான் இருந்திருக்கிறார். அவளைக் குத்த வேண்டும் என்று அவர் எதையும் சொல்லவில்லை. அவளுக்குத் துணையாக இருக்க வேண்டும் என்று எதையும் செய்யவும் இல்லை. இரண்டையும் அவளேதான் எடுத்துக்கொண்டாள்.

வருத்தமாக இருந்தது. ஆனால் எதற்கு வருத்தப்படுகிறோம் என்று தெளிவாகத் தெரிந்த வருத்தம். அவர்கள் நன்றாக இருக்கிறார்கள், மகள் படிக்கிறாள், மெஷின் ஓடுகிறது. அதில் சந்தோஷமும் உண்மையாகவே இருந்தது. தங்கம் வேலையைப் பார்க்கப் போய்விட, அவள் எழுந்து பட்டையருகே போய் நின்றாள். வேம்பு கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள். ஓடி வருகிற துண்டுகளில் செங்கல், கான்கிரீட், ஒரு நீல ஓட்டின் உடைசல். வெள்ளையாக ஒன்று வந்தது. ரூபீனா கையை நீட்டி எடுத்தாள்.

"அது சுண்ணாம்புக் காரை, அக்கா" என்றாள் வேம்பு. "இருந்தா பரவால்ல."

"கொஞ்சமா இருந்தா பரவாயில்லைதான்" என்று ரூபீனா அதைத் திரும்பப் போட்டாள். கொஞ்ச நேரம் இருவரும் பொறுக்கினார்கள். பிறகு அவள் கை கழுவிக்கொண்டு சொல்லிக்கொள்ளப் போனாள்.

"அடிக்கடி வாங்க மேடம்" என்றார் மாணிக்கவாசகம், காதில் போனோடு.

"வரேன் சார்" என்றாள். வர ஒரு காரணமும் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். அவர் போனில் "இல்ல இல்ல, உன்ன சொல்லல" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே கையை ஆட்டினார்.

திருவான்மியூரில் இறங்கியபோது மணி நான்குகூட ஆகவில்லை. மயிலாப்பூர் பஸ் புறப்படத் தயாராக நின்றிருந்தது. ஏறவில்லை. இந்த நேரத்துக்கே வீட்டுக்குப் போய்க் கதவைத் திறக்க மனம் வரவில்லை. பெசன்ட் நகர் பஸ்ஸில் ஏறி, இறங்கி, கடற்கரையோரமாக ஊரூர் ஒல்காட் குப்பம் வரை நடந்தாள். சாலையோரம் பெண்கள் மீனைப் பரப்பி வைத்திருந்தார்கள். அம்மா இறந்த பிறகு அவள் மீன் வாங்கவில்லை. ஒருத்திக்கு எதற்கு என்று முட்டையோடு நிறுத்திக்கொண்டாள்.

"வா தாயி, சங்கரா கீது, இப்ப வந்துது. எத்தினி பேருக்கு?"

"எனக்கு மட்டும்தான்."

"ஒருத்திக்கா? அப்ப இந்தச் சின்னத எடுத்துக்கோ."

ரூபீனா குனிந்து பார்த்தாள். சின்னது பக்கத்தில் நல்ல பெரிதாக ஒன்று, செவுள் சிவந்து, செதில் பளபளவென்று கிடந்தது.

"அது வேணாம். இத குடுங்க."

"ஒருத்தி துன்னுவியா அத்த?"

"நாளைக்கும் வெச்சு சாப்பிடுவேன்."

"நல்லா சாப்புடு" என்று சொல்லி அந்த அம்மாள் அரிவாள்மணையை இழுத்துப் போட்டுக்கொண்டு செதில் சீவத் தொடங்கினாள். தன் மருமகளுக்கு மீன் கழுவவே வராது என்றும், நேற்று பித்தப்பையை உடைத்துக் குழம்பையே கசக்க வைத்துவிட்டாள் என்றும் சொல்லிக்கொண்டே சீவினாள். வாங்க வேறு யாரும் நிற்கவில்லை. ரூபீனா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மருமகள் எந்த ஊர் என்று கேட்டாள்.